சந்தா, காணிக்கை, ஏலம்: சி.எஸ்.ஐ. சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காணிக்கைப் பை முன் வரிசையில் கிளம்பி உங்கள் வரிசைக்கு வர ஒரு பாட்டில் இரண்டு சரணம் ஆகும். அதற்குள் சட்டைப் பையைத் துழாவுகிறீர்கள். 500 ரூபாய்த் தாள் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் நான்காக மடித்த ஏதோ ஒரு தாளைப் போடுகிறார்; அது 10 ரூபாயா 100 ரூபாயா தெரியவில்லை. பை வந்துவிட்டது. வெறும் கையை உள்ளே விட்டு எடுக்கிறீர்கள்.

வெட்கப்பட வேண்டாம், பாதிப் பேர் செய்வதுதான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். வேலை மாற்றலாகி வந்த குடும்பம், கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், மூன்று பேருக்கும் இதே குழப்பம்தான். எதற்கு, எவ்வளவு, யார் கையில் என்று இங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பெயரைப் பதியுங்கள்

பணத்தைப் பற்றி யோசிக்கும் முன்பு செய்ய வேண்டியது இது. பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வந்திருந்தால் குருவானவரிடம் கொடுங்கள். எங்கள் பக்கம் ஐயர் என்போம். ஐயர் என்றதும் வேறு யாரையோ நினைத்துக்கொண்ட சென்னைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) சான்றுகளின் நகலும் கேட்பார்கள். பெயர் ஏறியதும் குடும்பத்துக்கு ஓர் எண் கிடைக்கும். சந்தா புத்தகம், காணிக்கைக் கவர், கிறிஸ்துமஸ் கேரல் வரும் தெரு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

பெயர் பதியாமல் வருடக்கணக்கில் காணிக்கை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் பிள்ளைக்குத் திடப்படுத்தலோ கல்யாணமோ வரும்போது, ‘பதிவேட்டில் நீங்கள் இல்லையே’ என்று ஒரு வார்த்தை வரும். அந்த நேரத்தில் அதைக் கேட்பது கசக்கும்.

எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சந்தா என்பது உறுப்பினர் குடும்பம் மாதாமாதம் கட்டுவது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சங்கக் காணிக்கை என்ற சொல்லும் காதில் விழும். இதைக் கட்டி வருகிறவர்களுக்குத்தான் பொதுவாகச் சபைத் தேர்தலில் ஓட்டு. எத்தனை மாதப் பாக்கி இருந்தால் பெயர் போகும் என்பது திருமண்டலத்துக்குத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகள் சேர்ந்தது) மாறும், சபைக் கமிட்டி உறுப்பினர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆராதனையில் பையில் விழுவது பொதுக் காணிக்கை. பிறந்தநாள், திருமண நாள், பரீட்சையில் தேறியது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று கவரில் காரணம் எழுதிக் கொடுப்பது ஸ்தோத்திரக் காணிக்கை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பது தசமபாகம். இவை போக கட்டட நிதி, மிஷனரி காணிக்கை, லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வீட்டுக்குக் கொடுக்கும் சின்ன உண்டியல், அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோகும் வாழைத்தாரும் தேங்காயும்.

என் அம்மா காலத்தில் கைப்பிடி அரிசி இருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, தனிப் பானையில் போட்டு வைப்பார். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தார் வந்து வாங்கிப் போவார்கள். எங்கள் ஊரில் அது நின்று நாளாயிற்று. மிசோரமில் 1910-ல் சபைப் பெண்கள் தொடங்கிய இதே பழக்கம் இன்றும் ஓடுகிறது. அங்கே சபை வருமானத்தில் அது பெரிய பங்கு. ஒரு பிடி அரிசி குறைவதை அடுக்களையில் யாரும் உணர மாட்டார்கள், அதுதான் அதிலுள்ள சூட்சுமம்.

தொகையை வீட்டில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்போகும் தொகை ஆலயத்துக்குள் முடிவாகக் கூடாது. வீட்டில், சம்பளம் வந்த அன்று, கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதைத்தான்: வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்து வை என்கிறார். இரண்டாம் நிருபத்தில் ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே’ என்கிறார். நியமிப்பது முன்கூட்டியே நடப்பது. பிரசங்கத்தின் சூட்டில் கை தூக்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பத்தில் ஒன்று கட்டாயமா? இதில் சண்டை போடாத சபை இல்லை. மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. பழைய ஏற்பாட்டில் தசமபாகம், ஆலயப் பணி செய்த, நிலமில்லாத லேவியருக்கானது. மூன்றாம் வருடத்துத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும்கூட என்று உபாகமம் பதினாலில் இருக்கிறது. மிரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. ஒற்தலாமுக்கும் (புதினா) வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் கணக்குப் பார்த்துத் தசமபாகம் கொடுத்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். என் கருத்து: பத்தில் ஒன்று நல்ல அளவுகோல், ஆனால் கடன் கொடுத்தவன் அனுப்பும் நோட்டீஸ் அல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். கைக்கு வரும் சம்பளம் 28,000 ரூபாய். பத்தில் ஒன்று 2,800. வீட்டு வாடகை 7,000, வண்டிக் கடன் 3,500, ஊரில் அப்பாவுக்கு 4,000 போகிறது என்றால் இந்த 2,800 முதல் மாதமே கழுத்தை நெரிக்கும். சரி, 1,000-ல் தொடங்குங்கள். சந்தா 300, ஞாயிறு பைக்கு வாரம் 50 என்று 200, மிஷனரி காணிக்கை 200, மீதி 300-ஐத் தனிக் கவரில் போட்டு வையுங்கள், பண்டிகைக்கும் அவசரத்துக்கும் உதவும். சம்பளம் ஏறும் மாதம் இதையும் ஏற்றுங்கள். அப்பாவுக்குப் போகும் 4,000-ஐக் குறைத்துச் சபைக்குக் கொடுக்க நினைத்தால் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ (காணிக்கை) என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்யாமல் விடுவதை இயேசு கண்டிக்கும் இடத்தை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

பிடித்தம் போக வரும் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்று என்னிடம் கேட்காத புதுமாப்பிள்ளை இல்லை. கைக்கு வருவதில் என்பேன். என் மனைவி மொத்தத்தில் என்பாள். முப்பது வருடமாக முடிவாகவில்லை.

கொடுக்கும் விதம்

ஞாயிறு பையில் போடும் பணத்துக்கு ரசீது கிடையாது, அது பெயரில்லாத காணிக்கை. மற்ற எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்று நினைக்காதீர்கள், எங்களைப் போன்ற பொருளாளர்களுக்கு அது பாதுகாப்பு. கவரின் மேல் பெயர், குடும்ப எண், தொகை, எதற்கு என்பதை எழுதுங்கள். ‘ஸ்தோத்திரக் காணிக்கை – ஓர் அன்பர்’ என்று எழுதினாலும் போதும். உள்ளே வைத்த தொகையை மட்டும் வெளியே எழுதிவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஆராதனை முடிந்து சபையார் வெளியே டீ குடிக்கும்போது வெஸ்ட்ரி அறையில் பையைக் கவிழ்ப்போம். குறைந்தது இரண்டு பேர், எங்கள் சபையில் மூன்று. 10 ரூபாய்த் தாள்களைத் தடவித் தடவி நேராக்குவது ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையின் வேலை. சில்லறையை ஐந்து ஐந்தாக அடுக்குவோம். நாலாய் மடித்துச் சுருட்டி வியர்வையில் ஊறிய தாள்கள், ஒரு ஹேர்பின், ஒரு தடவை ஜெப விண்ணப்பம் எழுதின பேருந்து டிக்கெட். எண்ணி முடித்ததும் பதிவேட்டில் எழுதி, எண்ணியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அது அப்படியே வங்கிக்குப் போக வேண்டும், அதிலிருந்து பூக்காரருக்கோ எலக்ட்ரீசியனுக்கோ எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே 500 என்று எழுதிய கவரில் 50 ரூபாய்த் தாள் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து எண்ணியதால் யார் மேலும் பழி வரவில்லை. அந்த அம்மா கண்ணாடி போடாமல் வைத்துவிட்டார், அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே 450 கொடுத்தார். நான் தனியாக எண்ணியிருந்தால் என் கதி?

இப்போது எல்லா ஆலய வாசலிலும் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். சபையின் பெயரோ சேகரத்தின் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள் சேர்ந்தது) பெயரோ வர வேண்டும். தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிட்டுக் கமிட்டியைக் கேளுங்கள். ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் ‘சந்தா ஜூன், எண் 114’ என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் பொருளாளருக்கு உங்கள் பணம் சந்தாவா, கட்டட நிதியா, பிறந்தநாளா என்று தெரியாது. பொதுக் காணிக்கையில் போட்டுவிடுவார், உங்கள் சந்தா பாக்கியாகவே நிற்கும். என் ஆறு வருடத்தில் வந்த மனஸ்தாபங்களில் பாதி இதனால்தான்.

போதகரின் கையில் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சி.எஸ்.ஐ.யில் குருவானவருக்குச் சம்பளம் திருமண்டலத்திலிருந்து வருகிறது. அதற்காகச் சேகரம் வருடந்தோறும் தன் பங்கைத் திருமண்டலத்துக்குக் கட்டுகிறது. ஆகவே வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் கையில் நீங்கள் வைக்கும் கவர் உங்கள் அன்பு, அவ்வளவுதான். அது சந்தாவில் சேராது. எந்தத் திருமண்டலத்தையும் சேராத தனிச் சபைகளில் நிலைமை வேறு. அங்கே காணிக்கைதான் போதகரின் குடும்பத்துக்குச் சாப்பாடு. அப்படிப்பட்ட சபைக்குப் போகிறவர்கள், அது டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவாகியிருக்கிறதா, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது. ‘இத்தனை ஆயிரம் விதைத்தால் இத்தனை மடங்கு அறுப்பாய்’ என்று தொகை சொல்லி வாக்குக் கொடுக்கிறவரிடம் விசாரணைகூட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

ஏலத்தில் வாயைத் திறக்கும் முன்

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு அது திருவிழா. பீடத்தின் முன் படைத்த வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, சேவல், வீட்டில் செய்த அதிரசம், குழந்தைகள் கொண்டுவந்த நாலு முட்டை எல்லாம் வெளியே பந்தலுக்கு வரும். ஏலம் கூறுகிறவர் எப்போதும் சபையிலேயே வாய் நீளமானவராக இருப்பார். எங்கள் ஊரில் ஒரு கட்டு முருங்கைக்காயை 800 ரூபாய்க்கு எடுத்தவர் மறுபடி ஏலம் விட அதைத் திரும்பக் கொடுத்தார், இன்னொருவர் 600-க்கு எடுத்தார், அவரும் திரும்பக் கொடுத்தார். நாலு கை மாறி, வாடிய முருங்கைக்காய் கடைசியில் கோயில்பிள்ளை வீட்டுச் சாம்பாரில் கொதித்தது.

இங்கேதான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். ஒரு வருடம், சபைக்கு வந்து எட்டு மாதமேயான ஒரு தம்பி, இரண்டு பெரிய குடும்பங்களின் போட்டிக்கு நடுவில் சும்மா குரல் கொடுத்தார். வாழைத்தார் 4,500 ரூபாய்க்கு அவர் தலையில் விழுந்தது. கையில் பணமில்லை. ‘அப்புறம் கொடுங்கள்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். ஏலப் பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது, அவர் பெயரோடு. மூன்று மாதம் அவர் ஆலயப் பக்கமே வரவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். அடுத்த வருடத்திலிருந்து பலகையில் ஒட்டுவதை நிறுத்தினோம், பாக்கி இருப்பவர்களுக்குத் தனியாகப் போன் செய்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வசூல் கூடியது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. தனிக் கவரில் சேர்ந்த பணத்தை எண்ணிப் பார்த்து, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். வெறுமனே நின்று சிரித்துவிட்டு வந்தாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். கேட்டாலும், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம் அண்ணாச்சி’ என்றால் விட்டுவிடுவார்கள்.

மிஷனரி காணிக்கை

இதற்காகக் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுவேன். 1903-ல் பாளையங்கோட்டையில் அசரியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் இல்லாமல், நம் ஆட்களை நம் காசில் அனுப்ப வேண்டும் என்பதே எண்ணம். அனுப்பிய இடம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல். அசரியா 1912-ல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். சி.எஸ்.ஐ. உருவானதே 1947 செப்டம்பர் 27-ல்தான். இந்தக் காணிக்கைப் பழக்கம் அதைவிட மூத்தது. மிஷனரி காணிக்கை கொடுக்கும்போது பணித்தள அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணம் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுக்க மறக்காது.

கணக்கைக் கேட்கலாம், கேட்க வேண்டும்

வருடத்துக்கு ஒரு முறை சபைப் பொதுக் கூட்டத்தில் தணிக்கை செய்த வரவு செலவு வாசிக்கப்படும். பெரும்பாலோர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டு அவசரத்தில் இருப்பார்கள். நீங்கள் உட்காருங்கள். மூன்று வரிகளைப் பாருங்கள்: திருமண்டலப் பங்கு பாக்கியில்லாமல் கட்டப்பட்டதா, கட்டட நிதி தனிக் கணக்கில் இருக்கிறதா பொதுச் செலவுக்குள் கரைந்ததா, ஏழைகளுக்கு உதவி என்ற தலைப்பில் எவ்வளவு. மூன்றாவது வரி பந்தல், ஸ்பீக்கர் செலவைவிடக் குறைவாக இருந்தால் எழுந்து கேளுங்கள். முதல் வருடமே கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைத் தனியே கேட்கலாம். நான் கோபித்துக்கொண்டதில்லை. ஒரே ஒருவரிடம் கோபித்துக்கொண்டேன், அவர் சந்தாவே கட்டாதவர்.

வரியும் வெளிநாட்டுப் பணமும்

சபைக் காணிக்கைக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்குமா என்று மார்ச் மாதம் பலர் கேட்பார்கள். பொதுவாகக் கிடைக்காது. குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்கென்று இருக்கும் அமைப்புக்குக் கொடுப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. அரசு அறிவித்த சில பழைமையான ஆலயங்களின் பழுதுபார்ப்பு நிதி விதிவிலக்கு. கிறிஸ்தவ மருத்துவமனையோ பிள்ளைகள் இல்லமோ தனியே பதிவு பெற்றிருந்தால் கிடைக்கும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அதே தொகையை அனுப்பினால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில் மட்டும். சபையின் சாதாரணக் கணக்கில் வந்து விழுந்தால் மாட்டுவது சபை. அக்காவிடம் அனுப்பும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

கையில் பணம் இல்லாதபோது

வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது என்றால் பலர் செய்வது ஆலயத்துக்கு வராமல் இருந்துவிடுவதுதான். அதைச் செய்யாதீர்கள். குருவானவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ‘ஆறு மாதத்துக்குச் சந்தா கட்ட முடியாது ஐயா’ என்று. சந்தாவைத் தள்ளி வைக்கவும் குறைக்கவும் கமிட்டிக்கு வழி இருக்கிறது. பாக்கி சேர்ந்துகொண்டே போய், கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் சமயத்திலோ கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும் சமயத்திலோ மொத்தமாகக் கேட்கிற சபைகள் உண்டு. பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவது எனக்குச் சம்மதமில்லை, அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இருந்தாலும் அப்படி நடக்கிறது என்பதால் பாக்கியை நாளாக விடாதீர்கள்.

பணம் தவிர வேறு வழியும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தால் பொருளாளர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஸ்பீக்கர் பழுது பார்க்கத் தெரிந்தவர், ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எடுப்பவர், சனிக்கிழமை மாலை ஆலயம் கூட்டுகிறவர் எல்லாரையும் சபை தேடிக்கொண்டே இருக்கிறது.

ஊர் மாறிப் போகும்போது கடைசி மாதச் சந்தாவைக் கட்டிவிட்டு மாற்றுக் கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போனில் கேட்டால் ஐயர் மாறியிருப்பார், பொருளாளர் மாறியிருப்பார், பீரோ சாவி யாரிடம் என்றே தெரியாது.